கணுக்கால் சுளுக்கு: முதல் பத்து நிமிடத்திலிருந்து கடைசி வாரம் வரை

பேருந்தின் கடைசிப் படி, ஈரமான பாத்ரூம் வாசல், சாலையோரம் மூடாமல் விட்ட குழி, வாலிபால் ஆடிக் குதித்து இறங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் கால். எங்கே நடந்தாலும் நடப்பது ஒன்றுதான். பாதம் உள்பக்கமாக மடங்குகிறது, உடம்பின் மொத்த எடையும் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் விழுகிறது. சில சமயம் ‘டப்’ என்று ஒரு சத்தம்கூடக் கேட்கும். அரை மணி நேரத்தில் அந்த இடம் முட்டை மாதிரி புடைத்துக்கொள்ளும்.

கல்லூரியில் படிக்கும்போது எனக்கு இப்படித்தான் ஆனது. அன்று சாயங்காலமே தெரிந்தவர் ஒருவர் எண்ணெயைச் சூடாக்கி நன்றாக அழுத்தி நீவிவிட்டார். அன்போடுதான் செய்தார். ஆனால் ராத்திரிக்குள் வீக்கம் இரண்டு மடங்கானது. மூன்று வாரம் கழித்து வலி போனதும் நேராக மைதானத்துக்குப் போய்விட்டேன். அடுத்த ஆறு வருடத்தில் அதே கால் நான்கு முறை மடங்கியது. நான்காவது முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்காரவைத்து விளக்கிய பிறகுதான் என் தவறு புரிந்தது. கையே வைக்கக் கூடாத முதல் இரண்டு நாளில் காலைப் போட்டு அழுத்தவிட்டேன். காலைப் பழக்க வேண்டிய கடைசி வாரங்களில் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் இப்படித்தான் மாறிப்போகின்றன. இதை விரிவாக எழுதக் காரணம் அதுதான்.

உள்ளே என்ன ஆகிறது

கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்க எலும்பிலிருந்து பாதத்து எலும்புகளுக்கு மூன்று தசைநார்கள் போகின்றன. மருத்துவர்கள் லிகமென்ட் என்பது இதைத்தான். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் அது. உள்பக்கத்தில் இருப்பது அகலமானது, உறுதியானது. வெளிப்பக்கத்து மூன்றில் முன்னால் இருப்பதுதான் பலம் குறைந்தது, பாதம் உள்பக்கம் மடங்கும்போது முதலில் கிழிவதும் அதுவே. லேசாக இழுபட்டு நூல் நூலாகப் பிரிந்திருந்தால் முதல் நிலை, பாதி கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை, முழுக்க அறுந்திருந்தால் மூன்றாம் நிலை.

‘நரம்பு பிசகிவிட்டது’ என்று நாம் சொல்வது வழக்கம். ஆனால் சுளுக்கில் நரம்பு எங்கேயும் நகர்ந்து போவதில்லை, எலும்பும் இடம் மாறுவதில்லை. கிழிந்த நார்தான் இருக்கிறது. எனவே ‘இழுத்து உட்காரவைப்பதற்கு’ உள்ளே ஒன்றுமே இல்லை. இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் பத்து நிமிடம்

ஆட்டமோ நடையோ, அங்கேயே நிறுத்துங்கள். ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விழுந்தவரைக் கைத்தாங்கலாக ஓரமாக உட்காரவைத்து, செருப்பையோ ஷூவையோ மெதுவாகக் கழற்றுங்கள்.

அடுத்ததாக, மெட்டியையும் கொலுசையும் கழற்றுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். வீக்கம் ஏற ஆரம்பித்த பிறகு மெட்டி இறங்காது, விரலுக்குப் போகும் ரத்தத்தையே அது நிறுத்திவிடலாம். மாட்டிக்கொண்டால் சோப்பு நீரோ எண்ணெயோ தடவிச் சுழற்றிப் பாருங்கள். அப்படியும் வராமல் விரல் நிறம் மாறுகிறதென்றால் மெட்டியை வெட்டி எடுக்கத் தயங்கவே கூடாது. காலில் கயிறு கட்டியிருந்தால் அதையும் அவிழ்த்துவிடுங்கள்.

இப்போது இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, பாதம் வெளுத்துச் சில்லிட்டுப் போனாலோ, விரல்கள் மரத்துப்போயிருந்தாலோ அது சுளுக்கு கிடையாது. காலை நேராக்க முயலாதீர்கள். எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ கணுக்காலைச் சுற்றி வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு துண்டால் தளர்வாகக் கட்டி, 108-க்கு அழையுங்கள்.

எலும்பு முறிவா, சுளுக்கா?

வீக்கத்தின் அளவை வைத்து இதைச் சொல்ல முடியாது. சாதாரணச் சுளுக்கு பயங்கரமாக வீங்கும், மயிரிழை முறிவு கொஞ்சமாகத்தான் வீங்கும். ‘விரலை அசைக்க முடிகிறதே, அப்படியானால் முறியவில்லை’ என்பதும் தவறு. முறிந்த கணுக்காலை வைத்துக்கொண்டும் விரலை அசைக்கலாம்.

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவினரும், யாருக்கு எக்ஸ்ரே தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரிப்பதற்கு எளிய விதிகளை வகுத்தார்கள். ஒட்டாவா விதிகள் என்றே பெயர். இன்று உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இவை புழங்குகின்றன. வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

ஒரு விரலால் நான்கு இடங்களை அழுத்துங்கள். வெளிப்பக்க எலும்பின் நுனியும் அதன் பின்விளிம்பும், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை. உள்பக்க எலும்பிலும் அதே மாதிரி. மூன்றாவது இடம், பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே கொஞ்சம் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு. நான்காவது, பாதத்தின் உள்பக்க வளைவுக்கு மேலே, கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் எலும்பு. எலும்பின் மேலேயே அழுத்த வேண்டும். எலும்புக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் மெத்தென்ற சதையில் வலித்தால் அது பெரும்பாலும் நார்தான்.

பிறகு நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். நொண்டினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை எடை விழுந்தால் போதும். அடிபட்ட உடனேயும் நடக்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றாலோ, அந்த நான்கு இடத்தில் ஒன்றிலாவது எலும்பே வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இரண்டுமே இல்லையென்றால் முறிவுக்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

சிலருக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு முறிந்தாலும் வலி தெரியாது. குடித்திருப்பவர்களுக்கும் அப்படியே. சின்னக் குழந்தைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய பகுதி உண்டு. அது நாரைவிடப் பலம் குறைந்தது, அதனால் பெரியவர்களுக்கு நார் கிழியும் இடத்தில் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டில் அடிபடலாம். எலும்பின் நுனியில் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. எலும்பு தேய்ந்த வயதான பெண்கள் விஷயத்திலும் நான் யோசிக்காமல் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போய்விடுவேன்.

இன்னொன்று. கணுக்காலின் பின்பக்கம், குதிகாலுக்கு மேலே யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது என்று ஒருவர் சொன்னால் கவனியுங்கள். அது குதிகால் நாண் அறுந்ததாக இருக்கலாம். குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைச்சதையைப் பிழியுங்கள். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஐஸ்

சரி, முறிவில்லை என்று தெரிந்துவிட்டது. இனி வீட்டு வைத்தியம்.

ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டில் சுற்றி வீங்கிய இடத்தில் வையுங்கள். உறைந்த பட்டாணிப் பாக்கெட் இன்னும் வசதி, காலின் வளைவுக்கு ஏற்ப நன்றாக ஒட்டி உட்காரும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஜூஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். எதுவும் கிடைக்காதபோது மண்பானைத் தண்ணீரில் நனைத்த துண்டை மாற்றி மாற்றிப் போடலாம்.

15 நிமிடம் போதும், 20-ஐத் தாண்டக் கூடாது. பிறகு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோன மாதிரி ஆகிவிடும். காலில் ஐஸை வைத்துக்கொண்டே தூங்கிவிடும் ஆபத்தும் உண்டு, கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கும், ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் ஐஸ் வேண்டாம்.

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ரைஸ்’ என்ற சுருக்கப் பெயரை 1978-ல் உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். அவரே 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கம் என்பது உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலையின் ஒரு பகுதி, அதை முழுக்க அடக்கக் கூடாது என்பது அவர் வாதம். என் வழி இதுதான்: முதல் ஒன்றிரண்டு நாள் வலி குறைவதற்கு ஐஸ் வைக்கலாம், நன்றாகவே உதவும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கட்டு

மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் கேளுங்கள். பெரியவர்களின் கணுக்காலுக்கு 10 செ.மீ. அகலம் சரியாக இருக்கும். கட்டுப் போடுவதால் கிழிந்த நார் சீக்கிரம் ஒட்டிவிடாது. வீக்கம் ஓரளவு கட்டுப்படும், காலுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும், பயம் குறையும். அதற்காகவே கட்டுகிறோம்.

அடிபட்டவரை நாற்காலியில் உட்காரவைத்து, கெண்டைக்காலை எதிரே இன்னொரு நாற்காலியில் தாங்குங்கள். பாதம் நாற்காலிக்கு வெளியே இருக்க வேண்டும், கட்டைவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். பாதம் கீழே தொங்கிய நிலையில் கட்டினால் பிறகு நிற்கும்போது கட்டு முழுக்க நழுவிவிடும்.

விரல்களுக்குச் சற்றுப் பின்னால் தொடங்குங்கள். பாதத்தின் மேற்பக்கத்திலிருந்து உள்பக்கமாக இறக்கி, அடிப்பாதம் வழியாக வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து மேலே ஏற்றுங்கள். இந்தத் திசை முக்கியம். வெளிப்பக்கம் மேலே இழுபடுவதால் பாதம் மறுபடி உள்பக்கம் மடங்காமல் கட்டு தாங்கும். இப்படி இரண்டு சுற்று. அடுத்து, பாதத்தின் வெளிப்பக்கத்திலிருந்து மேற்புறம் குறுக்காக ஏறி உள்கணுக்காலுக்குப் போங்கள். அங்கிருந்து பின்னால் சுற்றி வெளிக்கணுக்காலுக்கு வந்து, முன்பக்கம் குறுக்காக இறங்கிப் பாதத்தின் உள்விளிம்புக்கு. திரும்பவும் அடிப்பாதம் வழியாக வெளியே. மேலிருந்து பார்த்தால் எட்டு என்ற எண் மாதிரி தெரியும். மூன்று எட்டுப் போட்ட பிறகு, கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் உயரம் வரை இரண்டு சுற்று நேராகச் சுற்றி முடியுங்கள்.

ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூட வேண்டும். பேண்டேஜை முழுக்க இழுத்து எவ்வளவு நீளுமோ அதில் பாதி இழுவை போதும். பாதத்தில் சற்று உறுதியாகவும் மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கட்டும். அதோடு கொடுக்கும் இரும்புக் கொக்கி கழன்று குத்தும், அதனால் நான் எப்போதும் பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன்.

விரல்களை மூடாதீர்கள், பார்ப்பதற்கு அவை வெளியே இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, ஊசி குத்துவது போல் இருந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். ராத்திரி தூங்கப் போகும்போது கழற்றிவிடுவது நல்லது.

உயர்த்தி வைத்தல்

முக்காலியில் காலைத் தூக்கி வைப்பது போதாது. கணுக்கால் நெஞ்சைவிட உயரமாக இருக்க வேண்டும் என்றால் படுத்துக்கொண்டு இரண்டு தலையணை மேல் வைக்க வேண்டும். முதல் இரண்டு நாளில் இது செய்யும் உதவி ஐஸைவிடப் பெரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. மருத்துவமனைக்குப் போகும்போதும் பைக்கின் பின்சீட்டில் காலைத் தொங்கவிட்டுப் போகாமல், ஆட்டோ பிடித்து இருக்கையில் நீட்டி வையுங்கள்.

எண்ணெய், பற்று, சுளுக்கு எடுப்பது

சுளுக்கு என்றதும் வீட்டுக்குள் வருவது யோசனைகள்தான். காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லலாம், புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடலாம், மூசாம்பரத்தை முட்டை வெள்ளையில் குழைத்துப் பூசலாம், நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுக்கலாம். சொல்பவர்கள் எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். பாட்டியிடம் சண்டை போட வேண்டியதில்லை. நாளைத் தள்ளிப்போட்டால் போதும்.

முதல் 48 முதல் 72 மணி நேரத்துக்கு சூடு கூடாது, அழுத்தி நீவக் கூடாது. உள்ளே சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரம் அது. சூடு பட்டால் ரத்தக்குழாய் விரியும், கசிவு கூடும். நீவினால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்த நார் மறுபடி பிரியும். மதுவும் இந்த நாட்களில் வேண்டாம். நான்காவது, ஐந்தாவது நாளில் வீக்கம் வடியத் தொடங்கிய பிறகு இளஞ்சூட்டில் ஒத்தடமோ, எண்ணெய் தொட்டு மேலோட்டமாகக் கால்விரலிலிருந்து மேல்நோக்கி வருடுவதோ தவறில்லை, இதமாகவே இருக்கும். ஆனால் கொதிக்கும் பற்றைப் போட்டுத் தோல் கொப்பளித்தால் சுளுக்கோடு தீக்காயமும் சேர்ந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சூடான பற்று எந்த நாளிலும் வேண்டாம்.

மாவுக்கட்டுப் போடுபவர்களிடம் போகும் வழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. வட மாவட்டங்களிலிருந்து ஆந்திராவின் புத்தூர் வரை போகிறவர்கள் உண்டு. எங்கே போவதானாலும் போவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இறுகக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். கட்டுப் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, கறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கட்டை வெட்டி எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை

பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் 650 மி.கி. மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே போட வேண்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியை நன்றாகக் குறைக்கும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிப் போடக் கூடாது. டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் யாருமே அவற்றைத் தொட வேண்டாம். டைக்ளோஃபெனாக் ஜெல்லை மேலே பூசலாம். பூசத்தான் வேண்டும், தேய்க்கக் கூடாது.

வீட்டுக்குள் நடமாடுவது

முதல் ஒன்றிரண்டு நாள் காலில் எடை குறைவாகப் போடுங்கள். பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கலாம், நடக்கவும் வேண்டும். வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் மூட்டு இறுகும், சதை கரையும்.

ஊன்றுகோலை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். பெரும்பாலோர் அடிபட்ட பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். வலது கால் சுளுக்கு என்றால் கோல் இடது கையில். கோலும் வலது காலும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு சிரமங்கள் இருக்கின்றன. ஒன்று, குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. முதல் வாரத்தில் கணுக்கால் அந்த அளவுக்கு மடங்காது, எழுந்திருக்கும்போது தடுமாறி மறுபடி விழுவதும் நடக்கும். மருந்துக்கடைகளில் நடுவில் திறப்புள்ள கமோடு நாற்காலி கிடைக்கிறது, அல்லது மேற்கத்தியக் கழிப்பறை உள்ள உறவினர் வீட்டில் சில நாள் தங்கலாம். இரண்டாவது, சம்மணம். சம்மணமிட்டு உட்காரும்போது வெளிக்கணுக்கால் தரையில் அழுந்தும், பாதமும் உள்பக்கமாகவே மடங்கும். கிழிந்த நாரை அதே திசையில் மறுபடி இழுப்பது போல அது. சாப்பிடும்போதும் பூஜை அறையிலும் இரண்டு மூன்று வாரம் நாற்காலியில் உட்காருங்கள்.

மூன்றாம் நாளில் காயம் பாதத்தின் விளிம்பிலும் விரல்களிலும் கருநீலமாக இறங்கும். பலர் அப்போதுதான் பயப்படுகிறார்கள். உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குவது அது. பிறகு பச்சையாகி மஞ்சளாகி மறைந்துவிடும். ஆனால் கெண்டைச்சதை வீங்கிச் சூடாகி வலித்தாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம். ஐந்து நாள் கழித்தும் காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும் மறுபடி காட்டுங்கள். உண்மையில் எந்த அளவு கிழிந்திருக்கிறது என்பது முதல் நாளைவிட நான்காம், ஐந்தாம் நாள் பரிசோதனையில்தான் தெளிவாகத் தெரியும்.

மலையில், காட்டில் நடந்தால்

சதுரகிரி, வெள்ளியங்கிரி போகும் வழியில் ஒவ்வொரு முறையும் ஒருவராவது காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே முறை கொஞ்சம் மாறும். கீழே நடந்தே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஷூவைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வீக்கத்தால் மறுபடி மாட்ட முடியாது, அந்த ஷூதான் உங்களுக்குக் கட்டு. நாடாவை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். வெறுங்காலோடு வந்திருந்தால் ஒரு துண்டை நீளமாக மடித்து அதே எட்டு வடிவில் கட்டுங்கள். வழியில் ஓடை இருந்தால் பத்து நிமிடம் காலை நனைக்கலாம். பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, கம்பு ஊன்றி, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள். நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாதவரை நடக்கவைக்காதீர்கள். ஒருவர் கூடவே இருக்க, மற்றவர் இறங்கி வனத்துறை ஆட்களிடம் சொல்லட்டும்.

வலி போன பிறகு

நிறையப் பேர் நிறுத்திவிடும் இடம் இதுதான். நாருக்குள் மூளைக்குச் செய்தி அனுப்பும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே நமக்குத் தெரிவது அவற்றால்தான். நார் கிழியும்போது அவையும் சேதமாகின்றன. மேடு பள்ளத்தில் கால் வைத்ததும் சுதாரிக்க வேண்டிய தசை சற்றுத் தாமதமாகச் சுதாரிக்கிறது. மறுபடி மறுபடி அதே கால் மடங்குவதற்கு இது பெரிய காரணம். மருந்தால் இதைச் சரிசெய்ய முடியாது, பயிற்சியால் முடியும்.

இரண்டாம், மூன்றாம் நாளிலேயே படுத்தபடி தொடங்கலாம். கட்டைவிரலைப் பேனாவாக வைத்து காற்றில் அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டு உயிரெழுத்தையும் எழுதுங்கள். ‘இ’யும் ‘ஔ’வும் கணுக்காலை எல்லாத் திசையிலும் சுழற்றிவிடும். ஒரு நாளைக்கு மூன்று முறை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் நிறுத்தவே மாட்டார்கள்.

ஊன்ற முடிந்ததும், தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுங்கள். பாதத்தின் வெளிவிளிம்பைச் சுவரில் வைத்து வெளிப்பக்கமாக ஐந்து விநாடி தள்ளுங்கள், பத்து முறை. பாதம் உள்ளே மடங்காமல் தடுக்கும் தசைக்கு இது நேரடியான வேலை. அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள். வலியில்லாமல் பதினைந்து முறை செய்ய முடிந்தால் ஒற்றைக் காலில் முயலலாம்.

கடைசியாக, ஒற்றைக் காலில் நிற்பது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அடுப்பில் பால் காயும் நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் அடிபட்ட காலில் 30 விநாடி நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் எளிதானதும் மடித்த போர்வை மேல். பக்கத்தில் பிடித்துக்கொள்ள எப்போதும் ஏதாவது இருக்கட்டும். என் அத்தை பேருந்துப் படியில் காலை மடக்கிக்கொண்டபோது அவரை இந்த ஒன்றைத்தான் தினமும் செய்யவைத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். முதல் நாள் மூன்று விநாடிகூட நிற்க முடியவில்லை, ஐந்தாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டே பத்து விநாடி நின்றார்.

முதல் நிலைச் சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். இரண்டாம் நிலைக்கு ஆறு வாரம் வரை ஆகலாம், மூன்றாம் நிலைக்குச் சில மாதங்கள். பைக் ஓட்டுவதற்கு முன், நின்ற வண்டியில் கியரையும் பிரேக்கையும் வலியில்லாமல் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். விளையாடப் போவதற்கு முன், அடிபட்ட காலில் மட்டும் பத்து முறை குதித்து, பிறகு எட்டு வடிவில் ஓடிப் பாருங்கள். நல்ல காலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் போகலாம். முதல் சில மாதங்கள் ஆடும்போது நாடா போட்டு இறுக்கும் கணுக்கால் பிரேஸ் அணிந்துகொள்ளுங்கள், சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டுவதைவிட அது நன்றாகத் தாங்கும். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை மட்டும் மைதானத்துக்குத் திரும்பிய பிறகும் இரண்டு மாதம் விடாமல் செய்யுங்கள்.